முதல் இரை

ஜெலுத்தோங், பதினான்காவது மாடி.
தேங்காய்நார்த் தூள், கவிழ்த்த மரப்பட்டை,
சோடா மூடியில் தண்ணீர்.
எல்லாம் கொடுத்தாயிற்று.
மூலையில் கால் மடக்கிக் கிடக்கிறாள்
டராண்டுலா.

"ஒரு வாரம் தொந்தரவு பண்ணாதே"
என்றான் கடைக்கார ஹெங்.
எட்டாம் நாள்
ஐம்பது சென் சில்வண்டை
இடுக்கியால் இறக்கினேன்.
அது அவள் முதுகில் ஏறி நடந்தது,
பசார் மாலாம் பார்க்க வந்ததுபோல்.
அவள் அசையவில்லை.

இரவு முழுக்க அதன் பாட்டு.
பக்கத்து அறை தேவசகாயம்
சுவரைத் தட்டினான்.
தோலுரிக்கிற நேரமென்றால்
இரையே கடித்துவிடுமாம்.
எடுத்து மைலோ டின்னில் விட்டேன்,
ஒரு கேரட் துண்டோடு.

பதினோராம் நாள் மழை.
பாலத்து விளக்குகள் கரைந்த நேரம்
ஒரு முன்கால் மெல்ல நீண்டு
கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தது.
பசிதான்.

டின் மூடியில் கை வைத்தேன்.
உள்ளே
பாட்டு நின்றது.