ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில்

இருபது தெத்ரி காசை விழுங்கிவிட்டு
ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவில்
நின்றுவிட்டது லிஃப்ட்.
திபிலிசியில் இது செய்தியே இல்லை.
ஒரு கையில் முட்டை அட்டை, முப்பது.
மறு கையில் பதினோரு சதவீதம் சார்ஜ்.

'நம் கட்டிடம் 14' குழுவில்
மாட்டிக்கொண்டேன் என்று அடித்தது
முட்டிக்கொண்டேன் என்று போய்விட்டது.
யாரோடு? என்றாள் ஒன்பதாம் மாடி குலிகோ
ஆர்வமாக.

திருத்திப் போட்டேன்.
இருபத்திரண்டு பேர் பார்த்தார்கள்.
மூன்று பேர் கட்டைவிரல் தூக்கினார்கள்.
அந்த விரல்களில் ஒன்று எழுந்து வந்து
ஒரு பொத்தானை அழுத்தக் கூடாதா?

குறை சொல்லவும் வாய் வரவில்லை.
பிப்ரவரியில் குழாய் வெடித்தபோது
தண்ணீர் வண்டி எந்த முனையில் என்று சொன்னது இதே குழு.
நொதாரின் மகளுக்கு ராத்திரி இரண்டு மணிக்கு
ஓ நெகட்டிவ் ரத்தம் தேடித் தந்ததும் இதுதான்.
ஆனால் இன்று
மனானா வீட்டுக் குட்டிக்கு ஒரு வயது.
கேக், பலூன், மறுபடி கேக்.
அவை தள்ளத் தள்ள என் செய்தி
மேலே மேலே போகிறது.
நான் மட்டும் போகவில்லை.

செயலாளர் வாழா எழுதிக்கொண்டிருக்கிறார்...
எழுதிக்கொண்டிருக்கிறார்...
எழுதிக்கொண்டே இருக்கிறார்...
வந்தது:
லிஃப்ட் சந்தா தராதவர்கள் பட்டியல்.
நான்காவது பெயர் என்னுடையது.

நான்கு சதவீதம்.
அப்போது தனியாக ஒன்று வந்தது, ஸுராபிடமிருந்து.
எங்களுக்குள் கடைசியாக இருந்தது
இரண்டு வருடத்துக்கு முந்தைய என் வரி:
"காரை எடு. இனி எனக்கு எழுதாதே."
அதற்கு நேர் கீழே
அந்த இரண்டு வருடத்துக்கு ஒரு விரற்கடை இடம்கூட விடாமல்
அடுத்த வரி:
"ஆறா ஏழா?"

ஏழு, என்றேன். திரை அணைந்தது.

செருப்புச் சத்தம். திருப்புளி. கெட்ட வார்த்தை ஒன்று, கதவுக்கு.
இடுக்கில் மூக்குக்கண்ணாடி.
முட்டையை முதலில் வாங்கிக்கொண்டான்,
அப்புறம் என் கையை.
நேரில் ஒரு சொல்லும் வரவில்லை இருவருக்கும்.

பதினொன்றரைக்கு குழுவில் குலிகோ கேட்கிறாள்:
யாரோ மாட்டிக்கொண்டார்களாமே, வெளியே வந்தாச்சா?
நான் ஸுராபுக்கு நன்றி என்று அடித்து
அழித்து
மறுபடி அடிக்கிறேன்.
அவன் பெயருக்குக் கீழும்
மூன்று புள்ளிகள் வருகின்றன, போகின்றன.
சுவருக்கு அந்தப் பக்கம் இருமுகிறான்.
அது மட்டும்
தாமதமில்லாமல் வந்து சேர்கிறது.