காரம் கம்மி

சிம்மக்கல் கடையில்
பாத்திரம் கழுவ வந்தவன் பெயர் நெய்சாலி.
கொகிமாவுக்கும் அந்தப் பக்கம் ஏதோ மலை.
பேச்சு, திருப்பூரில் ஒன்பது மாதம் கற்ற தமிழ்.
"பேர்லயே நெய் இருக்கு, சேத்துக்க" என்றார்
மாஸ்டர் ஒச்சப்பன்.
ஆதார் நகலை வைத்துக்கொண்டு
கல்லாவில் நான் மூன்று தரம் எழுத்துக்கூட்டினேன்.

வந்த அன்றைக்கே
சுக்காவும் மூளை வறுவலும் வைத்துச்
சுற்றி நின்றோம், அவன் அழுவதைப் பார்க்க.
இலையை வழித்து நக்கிவிட்டுச் சொன்னான்:
"நல்லா இருக்கு. இனிப்பு."

இனிப்பு!
நாலு நாள் அந்தச் சொல்
கெண்டை முள்ளாக நின்றது மாஸ்டர் தொண்டையில்.
மாவை அவர் அடித்த அடியில்
கல்லுக்கு வலித்திருக்கும்.
சாத்தூர் சம்பாவையே
பச்சைத்தண்ணி என்கிற ஆள்.
பெண் பார்க்கப் போன வீட்டில்
பஜ்ஜியைப் பிரித்து மிளகாயை மட்டும் தின்றதில்
சம்பந்தம் முறிந்தது என்றொரு கதை உண்டு.
கதை, அவரே சொன்னதுதான்.

ஐந்தாம் ராத்திரி, கூட்டம் வடிந்த பதினொன்றரைக்கு
நெய்சாலி மடியிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தான்.
காகிதத்துக்குள் காகிதம்,
அதற்குள் தலையணை உறையில் கிழித்த துணி,
அதற்குள்
கட்டைவிரல் பருமனில் ஒற்றை மிளகாய்.
சுருங்கிய சிவப்பு. தோல் மட்டும் முதலை.
"எங்க ஊரு" என்று நீட்டினான்.
இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.
அதற்குள் பாதி
மாஸ்டர் பல்லுக்குள் போய்விட்டது.

பத்து விநாடி ஒன்றுமில்லை.
"ப்பூ. இதுக்குத்தானா" என்றார்.
பதினொன்றாவதில் காது சிவந்தது.
அதற்கப்புறம் அவர் பேசியது
எந்த ஊர்த் தமிழும் இல்லை.
தயிர் வாளிக்குள் முகத்தை வைத்தார்.
மாவு உருண்டையை வாயில் அடைத்துக்கொண்டு
யானைக்கல் பாலம் வரை ஓடித் திரும்பினார்.
தாங்கிப் பிடிக்கப் போன நான்
அவர் விரலைத் தொட்ட கையால்
சிரித்த கண்ணைத் துடைத்தேன்.
பிறகு பாலம் வரை நானும்.

மிச்சப் பாதி அவர் கையிலிருந்து துள்ளி
சால்னா அண்டாவில் விழுந்ததைப் பார்த்தவன்
நெய்சாலி ஒருவன்தான்.
அதைச் சொல்லத் தமிழ் தேடிக்கொண்டிருக்கும்போதே
பன்னிரண்டரைக் கூட்டம் உட்கார்ந்துவிட்டது:
தயிர்மார்க்கெட் சுமைக்காரர்கள், ரோந்து போலீஸ் ரெண்டு பேர்,
வாழைத்தார் லாரி டிரைவர்.

யாரும் எதுவும் சொல்லவில்லை.
ஒருவர் சட்டையைக் கழற்றி மடியில் வைத்தார், புழுக்கமாம்.
ஃபேன் போடலையா என்றார் ஏட்டு.
ஃபேன் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தது.
டிரைவர் மூக்கை உறிஞ்சி,
உச்சந்தலை வியர்வையை வழித்து எறிந்து,
இலையை நீட்டினார்:
"என்ன மாஸ்டர், இன்னிக்குக் காரம் கம்மி.
இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க."

மூன்று மணிக்கு அண்டாவின் அடியை
விரலால் துழாவிக்கொண்டிருந்தான் நெய்சாலி.
அது இல்லை.
"கடிக்க இல்ல அக்கா" என்றான்.
"மோந்து பாக்க. அம்மா குடுத்தது.
வீட்ல ஒரு பானைக்கு நகம் அளவு போடும்.
நானே கடிச்சது இல்ல."

துணி மேசையில் கிடந்தது.
வீங்கிய கண்ணோடு எடுத்து மோந்தேன்.
எரியும் என்று நினைத்தேன்.
பலாச்சுளை. கொஞ்சம் அடுப்புப் புகை.
நனைந்த கம்பளி மாதிரி ஒன்று,
எனக்குப் பேர் தெரியாத மழை.
மாஸ்டரும் வாங்கி மோந்தார்,
பன்னாகிப்போன உதட்டோடு.
திருப்பித் தரும்போது
நாலாக மடித்துத் தந்தார்.

கல்லாவை எண்ணினேன்.
சால்னா ஒரு சொட்டில்லை, பரோட்டா நூற்றுப்பத்து கூடுதல்.
அந்தப் பாதியை யாரோ ஒருத்தர்
முழுசாக விழுங்கி, காசு கொடுத்து,
மிச்சம் எண்ணி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.
இந்நேரம் செல்லூரிலோ ஆரப்பாளையத்திலோ
தெருக்குழாயடியில் வாயைத் திறந்து படுத்திருப்பார்.
கேட்டால்
கம்மி என்றுதான் சொல்வார்.