எட்டு மணியிலிருந்து பத்து மணி வரை

பாட்டு வேண்டாம் என்றார்.
சொருகுங்கள், குமிழைத் திருப்புங்கள்,
எதையும் ஓட விடாதீர்கள்.

நகோயா, ஓஸு கடைத்தெரு, இரண்டாம் மாடி.
கீழே பொரித்த கோழிக்கு வரிசை.
கையடக்க ஆம்ப்ளிஃபயர் தேடி ஏறி வருகிறவர்கள்
எத்தனை மில்லிவாட் என்றுதான் ஆரம்பிப்பார்கள்,
லாரிக்கு இழுவை விசாரிப்பதுபோல.
நானும் செங்கல் கனத்தில் ஒன்றை நீட்டுவேன்.
காதுத் துளைக்குள் உட்காரும் இத்தனூண்டு இயர்போனுக்கு
அவ்வளவு எதற்கு என்று
கமிஷன் வாங்குகிறவன் கேட்பதில்லை.

குஸுனோகி சானிடம் அந்தப் பேச்சு எடுபடவில்லை.
முதல் பெட்டியைக் காதில் வைத்ததும்
"அடுப்பில் தண்ணீரை மறந்துவிட்டீர்கள்" என்றார்.
இரண்டாவதில் மழை,
தூரத்தில், தகரத்தின் மேல்.
மூன்றாவதைக் கெயின் குறைத்துக் கொடுத்தேன்.
கண்ணை மூடிக்கொண்டார்.
வெகுநேரம்.
"இதில் யாரும் இல்லை" என்றார்,
வாடகைக்கு வீடு பார்க்கிறவர் மாதிரி.

கடைசி மெட்ரோ போன பின்
நீளக் கைப்பிடிச் சுத்தியலோடு
சுரங்கத்தில் நடப்பவர் அவர்.
போல்ட்டுகளைத் தட்டிக்கொண்டே போக வேண்டும்.
இறுகினது கிண்ணென்னும்.
தளர்ந்ததும் கிண்ணென்றுதான் சொல்லும்,
கொஞ்சம் பொய்யாக.
இருபத்திரண்டு வருடம் அந்தப் பொய்யைக்
கேட்டுச் சம்பளம் வாங்கியிருக்கிறார்.

சரி, இப்போது பாட்டு என்றார்.
வாத்தியமே இல்லாமல் ஒரு பெண் பாடும் பதிவு என்னிடம் உண்டு.
நெற்றிப் பொட்டில் நின்று பாடுவாள், நகர மாட்டாள்.
சோதனைக்கு என்றே வைத்திருப்பது.

"வலது பக்கம் சாய்கிறாள்."

மலிவுக் குமிழ்களில் உண்டு அது.
அடிமட்டத்தில் இரண்டு பக்கமும் ஒன்றாக விழித்துக்கொள்வதில்லை.
ஆனால் இது மலிவு இல்லை.
துடைத்து நான் வைத்துப் பார்த்தேன்:
நெற்றிப் பொட்டு.
இயர்போனை இடம் மாற்றி மாட்டச் சொன்னேன்,
இடத்தை வலதில், வலத்தை இடதில்.
பெட்டியின் கோளாறு என்றால் அவள்
இப்போது இடப்பக்கம் போயிருக்க வேண்டும்.

போகவில்லை.

இதற்கு என்ன பதில் என்று
விற்பனைப் பயிற்சியில் சொல்லித்தரவில்லை.
பேட்டரி பதினோரு மணி நேரம் வரும் என்றேன்.
அவர் கேட்டிருக்கவில்லை அதை.
"மறுபடி மாற்றுங்கள்" என்றார். மாற்றினேன்.
"மறுபடி."

மேசைக்கு அடியில், திரும்பி வந்த சாமான் கூடையில்
ஒன்று கிடந்தது, மூலை நசுங்கியது.
தாழ்ந்த ஒலியில் இடது பக்கம் ஓங்கும் என்று
யாரோ சண்டை போட்டுத் திருப்பியது.
இரைச்சல் கிடையாது, அந்த ஒரு குறைதான்.
ஏன் எடுத்தேன் என்று கேட்காதீர்கள்,
கை போய்விட்டது.

குமிழை ஒன்பது மணிக்கு வைத்தேன்.
குஸுனோகி சானின் கழுத்து
மெல்ல நேரானது.
அதுவரை சாய்ந்திருந்ததை
அப்போதுதான் பார்த்தேன்.

"வந்துவிட்டாள்."

பத்து மணியைத் தாண்டித் திருப்பினால்
குறை சரியாகிவிடும், நீங்கள் பழையபடி ஆகிவிடுவீர்கள்
என்றேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
அவர் சிரித்தார்.
"உரக்கக் கேட்டு என்ன ஆகப்போகிறது?"

நாலாயிரம் யென் குறைப்பதாகச் சொன்னதை ஏற்கவில்லை.
ரசீதில் மட்டும் எழுதச் சொன்னார்.
எழுதினேன்: இடது பக்கம் கூடுதல்.
வாங்குபவருக்குத் தெரியும்.

படி இறங்கும்போது நின்றார்.
கைப்பிடிக் கம்பியின் போல்ட்டைச் சாவியால் தட்டினார்.
தலையைத் திருப்பி, இன்னொரு முறை.
மேலிருந்து எனக்குக் கிண்ணென்று கேட்டது.
அது இறுகினதா என்று
எனக்கு எப்படித் தெரியும்.