தலைதட்டிய அளவு

வெள்ளிக்கிழமை, கடைக்கு விடுமுறை.
முப்பத்தோரு வருடம் கேட்டுக் கேட்டு
இன்றைக்குத்தான் ஜெமீலாவுக்கு வந்தார் லூனிஸ்,
அதுவும் தங்கை வீட்டுக்கென்று கட்டிய
மூன்று கிலோ கொண்டைக்கடலையோடு.

வளைவின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தேன்.
தேன் நிறக் கல். அதன் நெற்றியில்
யாரும் வைக்காத ஒரு கொத்து மஞ்சள் பூ.
பாதைக் கற்களில் தேர்ச்சக்கரமோ
கழுதை வண்டியோ பதித்த தடம்;
என் செருப்பு அதற்குள் சரியாக இறங்கியது.
"பாருங்கள்" என்றேன்.
"ம்."
தூண்கள், குளிப்பறை, தலையில்லாத ஒரு பெண்,
எல்லாவற்றுக்கும் அதே "ம்."

சந்தையில்தான் நின்றார்.
கல்மேசை ஒன்று. அதில் குடைந்த குழிகள்,
தானியம் அளக்க.
பலகையைப் படிக்கவில்லை. குழிக்குள் கைவிட்டு
மாவு வழிப்பவர் போல ஒரு சுற்றுச் சுற்றினார்.
பிறகு கோட்டுப் பையிலிருந்து
எடுத்தார், கடையின் தகர அளவையை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது:
தங்கை வீடு இந்தப் பாதையிலேயே இல்லை.

ஒரு தகரம் ஊற்றியதும் விசில்.
காவல்காரி ஸுலீகா ஓடி வருகிறாள்.
அதற்குள் குழியின் அடித்துளை வழியே
கடலை கொட்டுகிறது, கல்மழையாய், தரைக்கு.
திட்டிக்கொண்டே குனிந்தவள்
தொப்பியைக் கழற்றி அடியில் ஏந்தினாள்.
ஏந்திய பிறகுதான் யோசித்தாள் போல.

"கையால் அடைத்துக்கொள்ளம்மா" என்கிறார் இவர்.
அடைத்தாள்!
இரண்டு. மூன்று.
"நாலில் நிரம்பும்" என்றார், கண்ணாலேயே அளந்து.
நாலாவதை ஊற்றி, உள்ளங்கையால் தலைதட்டப் போனார்.
தட்டத் தலை இல்லை.
ஒரு விரற்கடை குறைந்து நின்றது கடலை.

சிட்டுக்குருவி ஒன்று கத்தி ஓய்ந்தது.

"மழை" என்றார் லூனிஸ். "இத்தனை நூறு வருட மழை.
குழியை ஆழமாக்கிவிட்டது."
ஸுலீகா மேசைக்கடியில் இருந்தபடியே கேட்டாள்:
"ஸெத்தீஃபில் எந்தக் கடை, ஐயா?"

நான் சிரித்த சிரிப்பில்
பலிபீடத்துப் பல்லி ஓடி ஒளிந்தது.
அபராதம் எழுதவில்லை அவள்.
மூன்று பேரும் மண்டியிட்டுப் பொறுக்கினோம்.
கல்லிடுக்கில் விழுந்த நாலைந்தை
நான் எடுக்கவிடவில்லை:
சந்தை வரி, இருக்கட்டும்.

பேருந்து மலை இறங்கும்போது
தகரத்தை மடியில் வைத்து
விளிம்பைக் கட்டைவிரலால் நெருடிக்கொண்டே வந்தார்.
பாதி வழியில் கேட்டார்:
"அரங்கம் ஒன்று உண்டு என்றாயே,
அது எந்தப் பக்கம்?"