நாலு வீதம்

பருத்தித்துறையில் நூறு.
புல்மோட்டையில் அறுபத்தொன்று.
குச்சவெளி உப்பளம் தாண்ட நாற்பத்தாறு,
சோழகம் நேரே முகத்தில்.

வேகத்தை ஒரு பிடி கூட்டினால்
காற்று மூன்று பிடி பிடுங்கும்.
அறுபதிலேயே போகிறேன்.
சிவப்பு வண்டிப் பெடியள்
கை காட்டிக் கடந்து போகிறார்கள்.

இறக்கக்கண்டிப் பாலத்தில் மேகம்.
கால் தானாய்த் தளர்கிறது:
நிழல் கண்டால் சைக்கிளை நிறுத்துகிற ஆள் நான்.
வோக்கியில் ஹஸ்மியா கத்துகிறாள்:
"இப்பதான் மிதிக்கோணும்!
நிழலுக்க நிண்டா அதுதான்டா செலவு."

மிதிக்கிறேன்.
முப்பது. இருபத்திரண்டு. பத்தொன்பது.
எண்ணை விட்டு றோட்டைப் பார்க்கிறேன்.
நிலாவெளியில் வெயில்
சடாரென்று கூரையில் விழுகிறது,
கடன் திருப்பித் தருகிறவன்போல,
பாதியை மட்டும்.

உப்புவெளியில் சிவப்பு வண்டி,
பலகையை மேற்கே சரித்தபடி.
நான் கை காட்டவில்லை.
எனக்கும் நாலு வீதம்தான்,
துறைமுகத்துக்கு இன்னும் ஆறு கிலோமீட்டர்.