கம்பின் நுனியில் ஓர் எண்

காலை ஐந்து மணி. மைனஸ் இருபத்தேழு.
பங்க்கின் விலைப்பலகைக்குக் கீழே
பன்னிரண்டடிக் கம்போடு நிற்கிறேன்.
நுனியில் ஒரு ரப்பர் குமிழ்.
எண்ணைக் கவ்வி இறக்குவது அதன் வேலை.
குளிர் இறுகினால் கவ்வாது.
கம்பைத் தாழ்த்தி, குமிழை இரு கைக்குள் பொத்தி
வாயால் ஊதிச் சூடேற்றுவேன்,
பறவைக்குஞ்சுக்குச் செய்வதுபோல.

நேற்று இரண்டு டாலர் பதினெட்டு.
இன்று இரண்டு பதினொன்று.
தலைமை அலுவலகத்துக் குறுஞ்செய்தியில்
வணக்கம் கிடையாது. எண் மட்டும்.

டாலர் இடத்துக்கான பெரிய எண்களில்
மூன்று வெயிலில் வெளுத்துவிட்டது.
ஒன்று மட்டும் பெட்டியின் அடியில்
உறை பிரியாமல் கிடந்தது.
வியாழக்கிழமை அதைப் பிரித்தேன்.
புது பிளாஸ்டிக் வாசனை.

ஒன்று தொண்ணூற்றேழு என்று நின்றதும்
முதலில் வந்து நிறுத்தியவள் ஆர்டெல்.
வாரம் மூன்று முறை டயாலிசிஸ்,
மைனட் ஊருக்குப் போக நூற்றிருபது மைல்.
விலை ஏறிக் கிடந்த கோடையில்
வாரம் இரண்டு முறைதான் போனாளாம்,
யாரிடமும் சொல்லாமல்.
கணுக்கால் வீக்கத்துக்குப் பெரிய காலணி வாங்கினாளாம்.
"இன்னும் இறங்குமா, மார்லிஸ்?" என்று கேட்டாள்.
கண்ணில் அப்படி ஒரு ஆசை.
இறங்கும் என்றேன்.
இறங்கட்டும் என்றும் நினைத்தேன்,
ஒரு நிமிடம்.

என் வீட்டில் டேரின்.
ரிக்கின் உச்சியில், எண்பதடி உயரத்தில்
குழாய்களை அணைத்து நிறுத்துகிறவன்.
மூன்று வருடமாகக் காப்பிக்கு முன்னால் அவன் கேட்பது
"இன்னிக்கு எவ்வளவு?"
நான் சொன்னால் விசிலடிப்பான்.
அக்டோபரில் விசில் நின்றது.
டிசம்பரில் கேள்வி நின்றது.
செவ்வாய்க்கிழமை மதியமே வந்துவிட்டான்,
தலைக்கவசத்தை ஒரு மளிகைப் பையில் போட்டுக்கொண்டு.
இருபத்திரண்டு பேரை ஒரே போன் அழைப்பில்.
"ஸ்பீக்கரில் போட்டுச் சொன்னான்," என்றான்,
"எங்க முகத்தைப் பார்க்கக்கூட இல்ல."
பிறகு குளியலறையில் வெகுநேரம்
தண்ணீர் ஓடும் சத்தம்.

ஊருக்கு வெளியே ரிக்குகளைப் படுக்கவைத்திருக்கிறார்கள்
வரிசையாக, பனிக்கடியில்.
இரவெல்லாம் எரிந்த எரிவாயுச் சுடர்கள்
ஒவ்வொன்றாக அணைகின்றன.
ஓரியன் தெரிகிறது, இடுப்புப் பட்டையோடு.
பக்கத்து வீட்டுப் பையன் தொலைநோக்கி வைத்துப் பார்க்கிறான்.
அவனுக்கு ஏழு வயது; இருட்டு அவனுக்குப் புதுசு.

ஊரைக் காலி செய்கிறவர்களும்
எங்கேயாவது டாங்க்கை நிரப்பித்தானே ஆகவேண்டும்.
ஐடஹோ, லூயிசியானா, மிசிசிப்பி என்று
எண்பலகை மாட்டிய பிக்கப்புகள்
எங்கள் பம்ப்புகளில் வரிசை கட்டின.
பின்புறம் மெத்தை, நாய்க்கூண்டு, கிறிஸ்துமஸ் மரத்தின் பெட்டி.
"இவ்வளவு மலிவா ஊரைவிட்டு ஓடினதே இல்ல" என்று
ஒருவன் சிரித்தான்.
மேனேஜர் சொன்னார், இந்த மாதம் விற்பனை உச்சமாம்.
எல்லோருக்கும் ஆளுக்கொரு உறைந்த வான்கோழி.

ஞாயிறன்று டேரின்.
ஐயோவாவில் காற்றாலைக் கோபுரம் ஏறும் வேலை,
பாதிச் சம்பளம், அதே உயரம்.
இருபத்தாறு காலன். நான்தான் பில் போட்டேன்.
ஐம்பத்தொரு டாலர் இருபத்திரண்டு.
கோடையில் இதே டாங்க் தொண்ணூற்றெட்டைத் தின்றது.
மிச்சத்தை எண்ணி அவன் கையில் வைத்தபோது
இது லாபக் கணக்கா என்று
இருவருக்குமே விளங்கவில்லை.
வான்கோழியைக் கொண்டுபோகிறாயா என்றேன்.
அங்கே அடுப்பு இருக்கிறதா தெரியாது என்றான்.

இன்று காலை குறுஞ்செய்தி: ஒன்று எண்பத்தாறு.
ஒன்பதை இறக்கியாயிற்று.
எட்டைக் கவ்வித் தூக்கும்போது
ஒரு காற்று, வடக்கிலிருந்து.
குமிழ் விட்டுவிட்டது.
எட்டு சாலையைக் கடந்து, வேலியைக் கடந்து
உருண்டும் பறந்தும் போய்ப்
பனிவயலில் எங்கோ விழுந்தது.

ஒரு கார் ஒளியைத் தாழ்த்தி நின்றது.
பலகையில் ஒரு ஒன்று, ஒரு ஏழு,
நடுவில் ஒரு ஓட்டை.
கண்ணாடியை இறக்கினாள் ஆர்டெல்.
"எவ்வளவு?"

"உள்ளே வா," என்றேன். "காப்பி சூடா இருக்கு.
எட்டைத் தேடிட்டு வரேன்."