விசிறிப் பிழை

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே என் மடிக்கணினிக்குக் காய்ச்சல்.

அதற்குப் பதினொரு வயது. டிப்போ கழித்துக்கட்டியதை
இரண்டு மாதச் சம்பளப் பிடித்தத்தில் வாங்கினேன்.
பேருந்துகளின் டீசல், நாற்பத்தாறு ஓட்டுநர்களின்
கூடுதல் நேரம், எல்லாம் அதன் வயிற்றில்.
அக்டோபரில் கரகரத்தது.
நவம்பரில் உறுமியது.
டிசம்பரில் ஒரு காலை
திரையில் இரண்டே சொல் காட்டி அணைந்தது:
விசிறிப் பிழை.
ஓரத்துப் பொத்தானை அமுக்கினால் முனகிக்கொண்டே எழும்,
அரை மணி நேரத்தில் மறுபடி மயங்கும்.

கண்ணாடி அடைத்த பால்கனியில்,
வெள்ளை மாதத்துக்கென்று பிடித்து
உறையவைத்த பூஸ் தட்டுகளுக்கு நடுவே
அதை வைத்து வேலை பார்த்தேன் சில நாள்.
கையுறை விரலால் ஒன்பதைத் தட்டினால்
தொண்ணூற்றொன்பது விழுந்தது.
மேலாளர் கேட்டார்:
"உங்கள் பேருந்து பெய்ஜிங் போய் வந்ததா?"

புது விசிறி எல்லைக்கு அப்பால்
எரீன் சந்தையிலிருந்து ரயிலில் வந்தது,
ஒரு காலுறைக்குள் சுருண்டு.
பாக எண்ணில் ஓர் எழுத்து வேறு.
"துளை மூன்றும் பொருந்தினால்
எழுத்தை யார் பார்க்கிறார்கள்?" என்றான் கடைக்காரன்.

சனி இரவு. துவ்ஷின் படுக்கப் போனபின்
சமையல் மேசையில் துண்டை விரித்தேன்.
இந்த ஊர்க் குளிரில் காற்று அவ்வளவு வறட்சி,
கம்பளிச் சட்டையைக் கழற்றினாலே பொறி பறக்கும்.
வெந்நீர்க் குழாயை ஒருமுறை தொட்டு
உடம்பில் இருந்த மின்னலை இறக்கிவிட்டுத்தான்
ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன்.
கழற்றிய திருகுகள் வரிசைப்படி முட்டை அட்டையின் குழிகளில்.
எட்டாவது, தலை தேய்ந்தது. நடுவே ஒரு ரப்பர் பேண்டை வைத்து
அழுத்தித் திருப்பினேன். பல்லைக் கடித்தது நான்,
கழன்றது அது.

திறந்தால்,
இறக்கைகளுக்கு இடையில்
கம்பளம் நெய்து வைத்திருக்கிறது கரி.
குன்றுகள் முழுக்க அடுப்புப் புகை,
அதன் ஒரு குளிர்காலத்தை இதற்குள் திணித்ததுபோல.
ஒன்பது வருடம் அவன் லாரியில்
எல்லை வரை ஏற்றிப்போன அதே கரி.
வேலைதான் போனது.
கரி வீட்டுக்கு வருவதை நிறுத்தவில்லை.

காய்ந்த பசையைத் துடைக்க
அலமாரியிலிருந்து அவனுடைய வோட்காவை எடுத்தேன்.
லேபிளில் பேனாவால் நான் ரகசியமாய்ப் போட்ட கோடு.
திரவம் கோட்டிலேயே நின்றது.
விளக்கில் பிடித்து இரண்டாம் முறையும் பார்த்தேன்.

புதுப் பசை, ஒரு சோற்றுப் பருக்கை அளவு.
மூன்று துளையும் பொருந்தின. நான்காவது இருந்ததே
எனக்கு அப்போதுதான் தெரிந்தது.
மூடியதும் ஒரு திருகு மிச்சம்.

பொத்தானை அமுக்கினேன். வெளிச்சம் வந்தது,
சத்தம் வரவில்லை.
செத்துவிட்டதோ என்று
டிக்கெட் ரசீது ஒன்றைக் காற்றுவாயில் பிடித்தேன்.
நடுங்கியது காகிதம்.

பிறகு ஒவ்வொன்றாய்க் கேட்கத் தொடங்கியது வீடு.
குழாய்க்குள் வெந்நீர் விக்குவது.
மாடியில் யஞ்சிமாவின் நாய் நடக்கும் நகச் சத்தம்.
படுக்கையறையில் கட்டில்.
தூங்குகிறவன் மூச்சு எனக்குத் தெரியும்.
இது அதுவல்ல.
இத்தனை மாதமும் இரைச்சலுக்கு இந்தப் பக்கம்
நான் எண்களைத் தட்டிக்கொண்டிருந்தேன்,
அந்தப் பக்கம்

"நின்றுவிட்டதா?" என்று குரல் வந்தது.
"இல்லை. ஓடுகிறது."

எழுந்து வந்தான். மிஞ்சிய திருகை எடுத்து
உள்ளங்கையில் உருட்டினான்.
"இது எங்கே?"
"தெரியவில்லை."
பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்தான்,
நெடுநேரம், கண்ணாடிக்கு அப்பால்
சாலையைப் பார்ப்பவனைப் போல.
"ஏழாம் தடம் ஏற்றமே இல்லாத தடம்," என்றான்,
"இவ்வளவு குடிக்காது. ஒரு ஒன்பதை அழி."